எரிந்த நகரமும் எரித்த கைகளும்: குண்டுவீச்சுப் போர் பற்றிய நூல்களில் எழுவாய்

தமிழில் 'எரிந்தது' என்பது தன்வினை. 'எரித்தது' என்பது பிறவினை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மெய்யெழுத்து மட்டுமே. மெல்லினம் நின்ற இடத்தில் வல்லினம் வந்து நிற்க, செய்தவன் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறான். 'திருந்தினான்', 'திருத்தினான்' என்னும் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு ஆண்டுதோறும் நாம் நடத்தும் இப்பாடம், இரண்டாம் உலகப் போரின் வான்வழிக் குண்டுவீச்சைப் பற்றிய நூல்களைப் படிக்கும்போதும் நமக்குக் கைகொடுத்தது. அந்நூல்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. ஒருவகை நூல்களில் விமானத்தில் ஏறிச் சென்றோர் உள்ளனர். நகரமோ தொலைவில் ஒரு செந்நிற ஒளியாக மட்டும் தெரிகிறது. மற்றொரு வகையில் நகரம் முழுமையாக உள்ளது. ஆனால் அதனை எரித்தவர் இரவின் இருளில் மறைந்துவிடுகின்றனர். மேலே இருந்தோரையும் கீழே இருந்தோரையும் ஒருசேர வைத்து எழுதியவர் மிகச் சிலரே. அவர்கள் எவ்வாறு எழுதினர், ஏனையோர் எங்கே தவறினர் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இஃது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு மேலே வந்தபோது, மக்கள் தெருவில் கூடி நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தனர் என்பதை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. 1944 நவம்பர் 5ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் மீது குண்டு வீசிய அமெரிக்க பி-29 விமானங்களோ, வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து புறப்பட்டவை. மூன்றாண்டு இடைவெளியில் இருதரப்பாரின் குண்டுகளும் இந்நிலத்தில் விழுந்தன. 'குண்டு விழுந்தது' என்றுதான் நம் பெரியோர் சொல்வர். விழுவதற்கு யாரும் வேண்டியதில்லை, மழைபோல அது விழும். இவ்வழக்கு நமக்கு இயல்பாக இருப்பதனாலேயே, இத்துறையில் மிக விரிவாகப் பதிவு செய்யப்பட்டுள்ள ஒரு களத்தை, அதாவது 1940 முதல் 1945 வரை பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மானிய நகரங்கள் மீது நடத்திய இரவுநேரத் தாக்குதல்களை, எடுத்துக்கொண்டு நோக்குவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

முடிவெடுத்தவர் எவர்?

நகரங்கள் மீது குண்டுவீசும் வழக்கத்தை இப்போரில் தொடங்கிவைத்தது ஜெர்மனியே. 1939இல் வார்சா, 1940 மே மாதத்தில் ராட்டர்டாம், அதே ஆண்டு நவம்பரில் கோவென்ட்ரி ஆகியவை முதலில் எரிந்தன. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவாகிய பாம்பர் கமாண்ட் தொடக்கத்தில் தொழிற்சாலைகளையும் எண்ணெய்க் கிடங்குகளையுமே குறிவைத்தது. ஆனால் குறி எதுவும் தைக்கவில்லை. போர் அமைச்சரவைச் செயலகத்தைச் சேர்ந்த பட் என்னும் அலுவலர் 1941 ஆகஸ்டில் அளித்த அறிக்கை இதனை வெளிப்படுத்தியது. குண்டு வீசியபோது எடுக்கப்பட்ட நிழற்படங்களை அவர் ஆராய்ந்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொல்லிக்கொண்ட விமானங்களுள் மூன்றில் ஒன்றே இலக்கிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் சென்றிருந்தது. புகைமண்டிய ரூர்த் தொழிற்பகுதியிலோ பத்தில் ஒன்றே சென்றிருந்தது.

தொழிற்சாலையைத் தாக்க இயலாத விமானத்தால் நகரத்தைத் தாக்க இயலும். 1942 பிப்ரவரி 14ஆம் நாள் வெளியான ஆணை, எதிரிநாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியைக் குலைப்பதே இனி முதன்மை நோக்கம் என வகுத்தது. 'பகுதிக் குண்டுவீச்சு' என்னும் கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. ஆர்தர் ஹாரிஸ் தலைமைப் பொறுப்பை ஏற்றது பிப்ரவரி 22ஆம் நாள், அஃதாவது எட்டு நாள்களுக்குப் பின்னர்தான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆயினும் பிற்காலத்தில் புகழும் பழியும் அவர் ஒருவர் தலையிலேயே ஏற்றப்பட்டன. ஹாரிஸ் அக்கொள்கையை இறுதிவரை விடாப்பிடியாக நடத்தியவர் என்பதில் ஐயமில்லை. எனினும், ஓர் அமைச்சரவையும் ஒரு படைத்தலைமையும் எழுதிக் கையொப்பமிட்ட முடிவுக்கு ஒரே ஒரு மனிதரை எழுவாயாக்குவதும் உண்மையான எழுவாயை மறைக்கும் ஒரு வழியே. 1944 பிப்ரவரியில் பிரபுக்கள் அவையில் இக்கொள்கையை எதிர்த்துப் பேசிய சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல், வானோடிகளை நோக்கிப் பேசவில்லை. அரசை நோக்கியே வினா எழுப்பினார். பின்னால் எழுதிய வரலாற்றாசிரியர் பலர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறினர்.

மேலே இருந்தோர்

பாம்பர் கமாண்டில் பறந்தோர் ஏறத்தாழ 125,000 பேர். அவர்களுள் 55,573 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்கு 44 பேர். பிரிட்டிஷாருடன் கனடியர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினர், போலந்தினர், மேற்கிந்தியத் தீவினர் எனப் பலரும் இருந்தனர். அனைவரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள்; பெரும்பாலோர் இருபதின் தொடக்கத்தில் இருந்தவர்கள். முப்பது முறை சென்று திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது என்று பொருள். 1944 மார்ச் 30ஆம் நாள் இரவு நூரம்பெர்க் நோக்கிச் சென்ற 795 விமானங்களுள் 95 திரும்பவில்லை. ஒரே இரவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பறக்க மறுத்தவர்கள் மீதோ 'மனத்திண்மை அற்றவர்' என்னும் முத்திரை குத்தப்பட்டு, அவர்கள் அணிந்திருந்த பறத்தல் சின்னம் பறிக்கப்பட்டது. இருபத்தைந்து முறை சென்று வந்தவன் இருபத்தாறாம் முறை இயலாது என்றால் அவன் கோழை எனப்பட்டான்! இத்தகைய இழப்பையும் இழிவையும் தாங்கியோரைப் பற்றிய நூல்கள் இரங்கற்பாவின் தொனியை மேற்கொள்வது இயல்பேயாகும்.

ஆனால் இரங்கற்பாவுக்கு ஓர் எல்லையுண்டு. மாண்டவன் எதைச் செய்துகொண்டிருந்தபோது மாண்டான் என்பதை அது கேட்பதில்லை. லங்காஸ்டர் விமானத்தின் ஏழு பேரைப் பற்றிய நினைவுநூல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நாம் படித்தவற்றுள் பல ஒரே வார்ப்பில் அமைந்தவை: புறப்படும் முன் முட்டையும் பன்றியிறைச்சியும் கொண்ட உணவு, கடலைக் கடக்கும்போது நிலவும் மௌனம், தேடுவிளக்குகள், 'குண்டுகள் போயின' என்னும் குரல், பின்னர் விடியலில் காலியாகக் கிடக்கும் பக்கத்துப் படுக்கை. குண்டு கீழே செல்லச் சில நொடிகள் ஆகின்றன. அந்த நொடிகளுக்குள் நூல் வீடு நோக்கித் திரும்பிவிடுகிறது.

இவ்வார்ப்புக்குள் அடங்காதவர் இயற்பியலறிஞர் ஃப்ரீமன் டைசன். அவர் பறந்தவரல்லர், 1943இல், தம் பத்தொன்பதாம் வயதில், பாம்பர் கமாண்ட் தலைமையகத்தின் ஆய்வுப் பிரிவில் புள்ளியியல் பணிக்கு அமர்ந்தவர். 1979இல் வெளியான தம் நூலிலும் பிற்காலக் கட்டுரைகளிலும் அவர் சொல்லும் இரண்டு செய்திகள் முதன்மையானவை. அனுபவம் மிக்க குழு தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று வானோடிகளுக்குச் சொல்லப்பட்டு வந்தது. கணக்கிட்டுப் பார்த்தபோது அனுபவத்துக்கும் பிழைப்புக்கும் தொடர்பே இல்லை. இரண்டாவது, சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்கப் பகல்நேர விமானங்களிலிருந்து ஏறத்தாழப் பாதிப்பேர் வான்குடையில் உயிர் தப்பினர். ஹாலிஃபேக்ஸிலிருந்து நான்கில் ஒருவர் தப்பினார். லங்காஸ்டரிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து பேரே தப்பினர். காரணங்களுள் ஒன்று, லங்காஸ்டரின் வெளியேறும் துளை இரண்டு அங்குலம் குறுகியதாக இருந்தது! ஆயிரக்கணக்கான இளைஞர்களின் உயிர் அந்த இரண்டு அங்குலத்தில் அடங்கியிருந்தது. அதை அகலப்படுத்த ஒப்புதல் பெறுவதற்குள் போர் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. டைசனின் எழுத்தில் வீரமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. தாம் ஓர் அலுவலக மேசையில் அமர்ந்து கொலைக்கு உதவியவர் என்பதைத் தன்மை ஒருமையிலேயே ஒப்புக்கொள்கிறார். நாம் தேடும் எழுவாய் அங்கே கிடைக்கிறது. ஆனால் மேசைக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த நகரம் கிடைப்பதில்லை.

கீழே இருந்தோர்

1943 ஜூலை 27ஆம் நாள் இரவு ஹாம்பர்கில் எழுந்த நெருப்புப் புயல், அந்நகர் மீது பத்து நாள்கள் நீடித்த தாக்குதல்களுள் கொடியது. வெப்பமும் வறட்சியும் மிகுந்த கோடையில், நெருங்கிய தொழிலாளர் குடியிருப்புகள் மீது தீக்குண்டுகள் கொட்டப்பட்டன. தனித்தனித் தீக்கள் ஒன்றுசேர்ந்து மேலெழ, கீழே உண்டான வெற்றிடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று புயலாகப் பாய்ந்தது. நிலவறைகளில் ஒளிந்தோர் காற்றின்றியும் நச்சுவாயுவாலும் மாண்டனர். அத்தாக்குதல் தொடரில் இறந்தோர் ஏறத்தாழ 37,000 பேர் என்பது இன்று பலரும் ஏற்கும் கணிப்பு.

எழுத்தாளர் ஹான்ஸ் எரிக் நொசாக் சில நாள்களுக்கு முன்புதான் நகரை விட்டு வெளியேறித் தெற்கேயுள்ள புல்வெளிப் பகுதியில் தங்கியிருந்தார். தம் நகரம் எரிவதை அங்கிருந்து கண்டு, அதே ஆண்டு நவம்பரில் ஒரு சிறுநூலாக எழுதினார். அது 1948இல் அச்சேறியது. ஹாம்பர்க் மக்கள் எவரும் எதிரியைச் சபித்ததைத் தாம் கேட்கவில்லை என்கிறார் நொசாக். குண்டு வீசியவனும் அறியவொண்ணா ஆற்றல்களின் கையில் ஒரு கருவியே என அவருக்குத் தோன்றிற்று. இது பெருந்தன்மையா, தப்பித்தலா? இரண்டும் என்றே நமக்குப்படுகிறது. மேலே இருந்தவனைக் கருவியாக்கினால் அவனை வெறுக்க வேண்டியதில்லை. அவனை ஏவிய அரசை எதிர்த்து எதற்காகப் போர் மூண்டது, அதை மூட்டிய அரசு எது என்றும் கேட்க வேண்டியதில்லை. ஊழின்மேல் பாரத்தை இறக்கும் இவ்வழி தமிழிலக்கியம் பயின்ற நமக்குப் பழக்கமானதே. ஆகவே அதன் அழகில் நாம் எளிதில் மயங்கக்கூடும்.

டபிள்யூ. ஜி. செபால்ட் 1997இல் சூரிச்சில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1999இல் நூலாயின. ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இல் வந்தது. இத்துணை பெரிய அழிவைப் போருக்குப் பிந்திய ஜெர்மானிய இலக்கியம் ஏன் பேசாமல் விட்டது என்பது அவர் எழுப்பிய வினா. ஆங்கிலப் பதிப்பின் தலைப்பு 'அழிவின் இயற்கை வரலாறு' எனப் பொருள்படும். போர் முடிந்தபின் கொலோன் நகரைக் கண்ட பிரிட்டிஷ் அறிவியலாளர் சாலி சக்கர்மன், ஓர் இதழுக்காக இத்தலைப்பில் எழுதவிருந்தார். கண்ட காட்சி பேச்சை அடைத்ததால் எழுதாமலேயே விட்டார். தலைப்பு மட்டும் எஞ்சிற்று. ஹாம்பர்கிலிருந்து ஓடிய தாய் ஒருத்தியின் பெட்டி திறந்துகொள்ள, உள்ளே இறந்த குழந்தையின் உடல் இருந்தது என்னும் செய்தியைச் செபால்ட் எடுத்துக்காட்டும் இடம், படித்தோர் எவராலும் மறக்க இயலாதது. அவருடைய கருத்தை மறுத்தோர், எழுதியவர்கள் இருந்தார்கள், படிக்கத்தான் ஆளில்லை என்றனர். அம்மறுப்பில் உண்மையுண்டு. எனினும் நம் குறை வேறு. 'இயற்கை வரலாறு' என்னும் சொல்லாட்சி, நகரங்களின் எரிவை நிலநடுக்கத்தோடும் வெள்ளத்தோடும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பல்லாண்டுகள் கிழக்கு இங்கிலாந்தில், பழைய குண்டுவீச்சு விமானத் தளங்களுக்கு அருகில் வாழ்ந்த செபால்ட் இதனை அறியாதவரல்லர். அத்தளங்களைக் குறிப்பிடவும் செய்கிறார். ஆனால் அங்கிருந்து புறப்பட்டவர்களுடன் அவர் பேசவில்லை.

யோர்க் ஃப்ரீட்ரிஷ் 2002இல் வெளியிட்ட 'நெருப்பு' என்னும் நூல் நேரெதிர்த் திசையில் சென்றது. ஆயுதம், உத்தி, நிலம், பாதுகாப்பு, நாம், நான், கல் என அதன் இயல்கள் அமைந்துள்ளன. நகரம் நகரமாக, தெருத் தெருவாக அழிவைச் சொல்லும் அந்நூலின் உழைப்பு வியப்புக்குரியது. எனினும் மக்கள் மூச்சுத்திணறி இறந்த நிலவறைகளுக்கு, யூதரை எரித்த உலைகளை நினைவூட்டும் சொல்லை அவர் ஆண்டமை கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கண்டனம் சரியானதே என்பது நம் கருத்து. இங்கே எழுவாய் மறைக்கப்படவில்லை. மாறாக வேறொரு குற்றத்தின் எழுவாய் இங்கே கொண்டுவந்து ஒட்டப்பட்டது. ஒரு சொல் போதும், இரண்டு வரலாறுகளைக் குழப்புவதற்கு.

ஒரு சுழி

சொல்லைப் போலவே எண்ணும் திரியக்கூடியது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் தாக்கப்பட்டபின் காவல்துறை தயாரித்த அறிக்கை, அதுவரை எண்ணப்பட்ட இறந்தோர் 20,204 என்றது. அதன் போலிப் படியொன்றில் இறுதியில் ஒரு சுழி சேர்க்கப்பட்டு 202,040 ஆயிற்று. டேவிட் இர்விங் 1963இல் தம் நூலில் 135,000 என எழுதினார். பின்னர் அப்போலி எண்ணையும் ஏற்றுப் பரப்பி, 1966இல் நாளேட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அவருடைய 135,000 என்னும் எண் கர்ட் வானகட்டின் புகழ்பெற்ற நாவலில் இடம்பெற்று, உலகெங்கும் மாணவர் மனத்தில் பதிந்துவிட்டது. ஃப்ரெடரிக் டெய்லரின் 2004ஆம் ஆண்டு நூலும், அந்நகரமே அமைத்து 2010இல் அறிக்கை அளித்த வரலாற்றாசிரியர் குழுவும் இச்சிக்கலைத் தீர்த்தன. இறந்தோர் அதிகபட்சம் 25,000 பேர் என்பது குழுவின் முடிவு. இருபத்தையாயிரம் என்பது சிறு எண் என்று எவரும் கொள்ளலாகாது. அதைப் பெருக்கியவர்களே அதைச் சிறிதாகத் தோன்றச் செய்தனர்.

இருவரையும் எழுதியோர்

இனி நாம் தேடிய நூல்களுக்கு வருவோம். மார்ட்டின் மிடில்புரூக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவரல்லர். லிங்கன்ஷயரில் கோழிப்பண்ணை நடத்தியவர். 1973இல் நூரம்பெர்க் தாக்குதல் பற்றியும் 1980இல் ஹாம்பர்க் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் இத்துறையின் போக்கையே மாற்றின. அவர் முறை எளியது. ஒரே இரவைத் தேர்ந்தெடுத்து, அதில் பறந்த பிரிட்டிஷாரையும், அவர்களைச் சுட்ட ஜெர்மானிய இரவுப்போர் விமானிகளையும், கீழே இருந்த மக்களையும் கடிதம் எழுதித் தேடிக் கண்டுபிடித்து, அனைவர் கூற்றையும் நேர வரிசையில் அடுக்கினார். விளைவு என்ன? விமானத்திலிருந்து குண்டு விடுபடும் பத்திக்கு அடுத்த பத்தியில் அது போய்ச் சேர்கிறது. முன்னர் இரண்டு நூல்களுக்கு இடையே இருந்த தொலைவு இரண்டு பத்திகளுக்கு இடையே சுருங்கிவிடுகிறது. மிடில்புரூக்கின் நடையில் ஒப்பனை இல்லை. முடிவுரையில் அவர் தரும் அறமதிப்பீடும் ஆழமானதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் 'எரிந்தது', 'எரித்தனர்' ஆகிய இரண்டு வினைகளையும் ஒரே பக்கத்தில் படிக்க வைத்தமைக்காக அவருக்கு நாம் கடன்பட்டுள்ளோம். மேக்ஸ் ஹேஸ்டிங்ஸ் 1979இல் எழுதிய வரலாறும், டார்ம்ஸ்டாட் நகரின் ஓரிரவுக்கென ஓர் இயலையே ஒதுக்கியதால் இவ்வரிசையில் வைக்கத்தக்கது.

புனைவில் இதனைச் செய்தவர் லென் டெய்ட்டன். 1970இல் வெளிவந்த அவருடைய நாவல் ஒரே நாளில் நிகழ்கிறது. அந்நாள் 1943 ஜூன் 31. ஜூன் மாதத்துக்கு முப்பது நாள்களே என்பதை வாசகர் சற்றுத் தாமதமாகவே உணர்வர்! க்ரெஃபெல்டைத் தாக்கப் புறப்பட்ட படை, வழிகாட்டும் ஒளிக்குண்டுகள் பிசகி விழுந்ததால் ஆல்ட்கார்ட்டன் என்னும் கற்பனைச் சிற்றூரை அழிக்கிறது. பட் அறிக்கை எண்ணால் சொன்னதை இந்நாவல் ஊராலும் பேராலும் சொல்கிறது. பிரிட்டிஷ் வானோடிகள், ஜெர்மானிய விமானிகள், ஊர்மக்கள் ஆகிய மூவகையாரையும் ஒரே அளவுப் பரிவோடும் ஒரே அளவு விலகலோடும் ஆசிரியர் நடத்துகிறார்.

இன்னும் நெருங்கிச் சென்றவர் கெர்ட் லெடிக். 1956இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நாவல், அமெரிக்க விமானங்கள் ஒரு நகரைத் தாக்கும் 69 நிமிடங்களைக் காட்டுவது. ஸ்ட்ரெனெஹன் என்னும் வானோடி வான்குடையில் இறங்கி, தான் குண்டு வீசிய மக்களிடையே வந்து விழுகிறான். மேலும் கீழும் உடலளவில் சந்திக்கும் அரிய இடம் இது. அன்றைய திறனாய்வாளர்கள் அந்நாவலை வெறுத்து ஒதுக்கினர்; 1999இல் மறுபதிப்பு வரும்வரை அது மறக்கப்பட்டுக் கிடந்தது. இதனோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டியது மைல்ஸ் டிரிப்பின் 1969ஆம் ஆண்டு நினைவுநூல். குண்டெறிவாளராக டிரெஸ்டனுக்கு மேலே சென்ற அவர், கீழே எரியும் தெருக்களைக் கண்டு, விமானத்தை நகருக்கு அப்பால் திருப்பச் செய்து, திறந்தவெளியில் விழும் என்ற எண்ணத்தில் குண்டுகளை விடுவித்தார். அதனை வீரச்செயலாக அவர் காட்டவில்லை. மற்ற இரவுகளில் குறிதவறாமல் வீசியவரும் தாமே என்பதை மறைக்கவுமில்லை.

லண்டனில் 1992 மே 31ஆம் நாள், கொலோன் மீதான ஆயிரம் விமானத் தாக்குதலின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், ஹாரிஸுக்குச் சிலை திறக்கப்பட்டது, எதிர்ப்பும் எழுந்தது. வானோடிகளுக்கான நினைவுச்சின்னம் 2012இல்தான் கிரீன் பார்க்கில் எழுப்பப்பட்டது. தலைவருக்கு முதலில், தொண்டர்க்கு இருபதாண்டு கழித்து! அச்சின்னத்தில் உள்ள கல்வெட்டொன்று, 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டினரையும் நினைவுகூர்கிறது. 'உயிரிழந்த' என்னும் அவ்வொரு சொல் வானோடியையும் ஹாம்பர்க் தாயையும் ஒருங்கே தழுவுகிறது. அதுவும் தன்வினையே.

லிங்கன் நகரில் 2018இல் திறக்கப்பட்ட பன்னாட்டு நடுவத்தின் மின்னாவணத் தொகுப்பில், வானோடிகளின் குரலும் குண்டுவீச்சுக்கு ஆளான மக்களின் குரலும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. ஜார்ஜ் டவுனில் அன்று அண்ணாந்து பார்த்த சிறார்களுள் இன்று எஞ்சியிருப்போர் தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருப்பவர்களோ கடந்தவர்களோ ஆவர். நம் மாணவர்கள் அவர்களிடம் சென்று நேர்காணல் எடுக்கும்போது, எங்கே விழுந்தது, எத்தனை பேர் இறந்தனர் என்பவற்றோடு, மேலே இருந்தவர்கள் யார் என்று அப்போது நினைத்தீர்கள் என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்கும்படி ஆசிரியர்கள் பயிற்றலாம்.